ஜனவரி 20 வரைக்கும் யார் பொறுப்பு? – வாசகர் கேள்வி, பதில்

2025 ஜனவரி இதழுக்காக வந்த கடிதங்களை டிசம்பர் கடைசி வாரத்தில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். வழக்கமாக வரும் வரிக் கணக்கு, விசா, முழங்கால் வலி எல்லாம் பின்வரிசைக்குப் போய்விட்டன. பாதிக்கு மேல் ஒரே கவலை. ஜனவரி 20 அன்று அதிபர் பைடன் போகிறார், டிரம்ப் வருகிறார், நடுவில் அமெரிக்காவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ஒரே மாதிரி இருந்த கடிதங்களைச் சேர்த்து ஆறு கேள்விகளாக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி (வாசகி, மோரிஸ் கவுண்டி, நியூஜெர்சி): ஐயா, நவம்பர் நடுவிலிருந்து எங்கள் வீட்டுக்கு மேலே ராத்திரியில் ட்ரோன் மாதிரி விளக்குகள் நகர்கின்றன. அரசாங்கம் ஆபத்தில்லை என்கிறது, ஆனால் அது என்னவென்று சொல்ல மாட்டேன் என்கிறது. அதிபர் மாறும் நேரம் பார்த்து யாரோ வேவு பார்க்கிறார்கள் என்கிறார் என் கணவர். பயப்பட வேண்டுமா?

முதலில் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன், அம்மா. டிசம்பர் இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம், பறவை பார்க்க வாங்கிய பைனாகுலரை எடுத்துக்கொண்டு பின்பக்கத் தோட்டத்தில் நின்றேன். பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே, தென்மேற்கில், பளீரென்று ஒரு வெளிச்சம். நகரவில்லை, மின்னவில்லை, சத்தமும் இல்லை. நாற்பது நிமிடம் குளிரில் நின்று பார்த்துவிட்டு உள்ளூர் போலீஸுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் அலுப்போடு, "தென்மேற்கிலா?" என்றாள். ஆமாம் என்றேன். "இன்றைக்கு நீங்கள் பதினோராவது ஆள் சார். அது வெள்ளி கிரகம்." முப்பத்தோரு வருடம் பொறியாளராக வேலை பார்த்தவன் நான்!

எனக்குத் துணை உண்டு. மேரிலாந்தின் முன்னாள் ஆளுநர் லாரி ஹோகன், தன் வீட்டுக்கு மேலே டஜன் கணக்கில் ட்ரோன்கள் பறக்கின்றன என்று வீடியோ போட்டார். விவரம் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, அது ஓரியன் விண்மீன் கூட்டம் என்றார்கள். அதாவது நம் மிருகசீரிடமும் திருவாதிரையும். மார்கழியில் திருவாதிரை வானத்தில் இருந்ததற்கா இவ்வளவு கலவரம்?

இதனால் எல்லாமே நட்சத்திரம் என்று சொல்லவில்லை. உங்கள் கவுண்டியில் பிகட்டினி ஆயுதக் கிடங்கு இருக்கிறது. அதன் பக்கம்தான் இந்த விளக்குகளை முதலில் பார்த்ததாகச் செய்தி வந்தது. அப்புறம் எஃப்.பி.ஐ.க்கு 5,000-க்கும் மேல் தகவல்கள் குவிந்தன. அவற்றில் மேற்கொண்டு விசாரிக்கத் தக்கவை சுமார் 100 தேறின. டிசம்பர் 16 அன்று எஃப்.பி.ஐ., உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, விமானப் போக்குவரத்து நிர்வாகம், பாதுகாப்புத் துறை நான்கும் சேர்ந்து அறிக்கை விட்டன. சட்டப்படி பறக்கும் ட்ரோன்கள், சாதாரண விமானங்கள், ஹெலிகாப்டர்கள், ட்ரோன் என்று தவறாக நினைக்கப்பட்ட நட்சத்திரங்கள், இவற்றின் கலவை என்றார்கள். நாட்டில் பதிவான ட்ரோன்களே பத்து லட்சத்துக்கு மேல். நூவர்க் விமான நிலையத்துக்கு நேராக நம்மை நோக்கி இறங்கும் விமானம் வெகுநேரம் ஒரே இடத்தில் தொங்குகிற மாதிரிதான் தெரியும்.

ஆனால் இந்த அறிக்கையை உங்கள் கணவர் ஏன் நம்பவில்லை? அவரைக் குறை சொல்ல மாட்டேன். 11-ஆம் தேதி தென் நியூஜெர்சியின் காங்கிரஸ் உறுப்பினர் ஜெஃப் வான் ட்ரூ, கிழக்குக் கரைக்கு அப்பால் ஈரானின் தாய்க்கப்பல் நிற்கிறது, அங்கிருந்துதான் இவை வருகின்றன என்று டிவியில் சொன்னார். பென்டகன் அன்றைக்கே அப்படி எதுவும் இல்லை என்றது. வெள்ளை மாளிகை, நாட்டுக்கு ஆபத்து என்பதற்கு ஆதாரமில்லை என்றது. பதவிக்கு வரப்போகிற டிரம்போ, மக்களிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சுட்டுத் தள்ளுங்கள் என்று எழுதினார். சில நாளில், அரசாங்கத்துக்கு என்னவென்று தெரியும் என்றும் சொன்னார். அப்புறம் விமானப் போக்குவரத்து நிர்வாகம் நியூஜெர்சியில் 22 இடங்களில் ட்ரோன் பறக்கத் தடை போட்டது. ஆபத்தில்லை என்றால் தடை எதற்கு என்று என் மனைவியே கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இன்னும் சில வாரத்தில் மூட்டை கட்டப்போகிறவர் 'ஒன்றுமில்லை' என்கிறார். வரப்போகிறவர் 'மறைக்கிறார்கள்' என்கிறார். வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர் கூரை ஒழுகாது என்று சொன்னால் நாம் நம்புகிறோமா? அதே கதைதான் இது. உங்கள் கணவரின் பயத்தில் வானத்தில் பறப்பதன் பங்கு கொஞ்சம், சொல்கிற வாயின் பங்கு அதிகம். பயப்பட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். வெள்ளி கிரகத்தைப் பிடித்துக் கொடுக்கப் போனவனின் அபிப்பிராயம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாசகர், டாலஸ்): அதிபரின் கடைசி ஆண்டு பார்த்துத்தான் எதிரிகள் அடிக்கிறார்கள் என்கிறார் நண்பர். 1980, 1988, 2000 என்று வரிசையாகச் சொல்கிறார். உண்மையா சார்?

வரிசை சரிதான். 1980 முழுக்க 52 அமெரிக்கர்கள் ஈரானில் பிணைக்கைதிகள். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பிக்கு மேலே விமானத்தில் குண்டு வெடித்து 270 உயிர்கள். 2000 அக்டோபர் 12 அன்று ஏடன் துறைமுகத்தில் யு.எஸ்.எஸ். கோல் கப்பலில் 17 மாலுமிகள். ஆனால் நண்பர் தனக்குச் சாதகமான வருடங்களை மட்டும் எடுத்து அடுக்கியிருக்கிறார். உலக வர்த்தக மையத்தில் முதல் குண்டு வெடித்தது 1993 பிப்ரவரி 26, கிளிண்டன் பதவியேற்று ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. 2001 செப்டம்பர் 11 புஷ்ஷின் எட்டாவது மாதம். 1968-இல் அதிபர் ஜான்சனை நிலைகுலைய வைத்த தாக்குதலுக்குப் பெயரே 'டெட்', அதாவது வியட்நாமியரின் புத்தாண்டு. எதிரி பார்ப்பது அவன் வீட்டு நாள்காட்டியை.

ஈரான் விவகாரத்தை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்ளலாம். 1979 இலையுதிர் காலத்தில் நான் ஒஹையோவுக்குப் படிக்க வந்து இறங்கினேன். சில வாரத்தில், நவம்பர் 4-ஆம் தேதி, டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்துவிட்டார்கள். டிவி செய்தி வாசிப்பாளர் வால்டர் கிராங்கைட் தினமும் செய்தி முடிவில் இன்றோடு இத்தனையாவது நாள் என்று சொல்வார். விடுதிக் கூடத்தில் அந்த எண்ணைக் கேட்காமல் யாரும் சாப்பிடப் போக மாட்டார்கள். 1980 ஏப்ரலில் மீட்கப் போன முயற்சி பாலைவனத்திலேயே முறிந்து, 8 வீரர்கள் இறந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் ஒரு பெட்ரோல் பங்கில், "நீ ஈரானா?" என்று கேட்டு எங்களுக்குப் பெட்ரோல் போட மறுத்தார்கள். வண்டி என்னுடையதுகூட இல்லை, நண்பனுடையது. அவன் ஆந்திராக்காரன், பாஸ்போர்ட்டை நீட்டினான். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு இரண்டு மைல் வண்டியைத் தள்ளினோம்.

444-ஆவது நாள், 1981 ஜனவரி 20 மதியம், ரீகன் பதவியேற்ற சில நிமிடங்களில் விமானம் கிளம்பியது. அதுவரை அதிபராக இருந்த கார்ட்டர் பேசி முடித்த பேரம், கார்ட்டர் காலத்தில் கிளம்பக் கூடாது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிறுத்திவைத்தார்கள் என்றுதான் அன்றைக்கும் இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், அட்லாண்டா): மாற்ற நாளில் அந்த அணு ஆயுதப் பெட்டி யார் கையில் இருக்கும்?

தம்பி, அதில் பொத்தான் எதுவும் கிடையாது. 'ஃபுட்பால்' என்று அழைக்கப்படும் அந்தக் கறுப்புத் தோல் பைக்குள் தாக்குதல் திட்டங்களும் தொடர்புக்கான வழிகளும் இருக்கும். உத்தரவு போடுகிறவர் அதிபர்தானா என்று உறுதி செய்யும் சங்கேத அட்டை தனி. அதற்குச் செல்லப் பெயர் 'பிஸ்கட்'. ஜனவரி 20 நண்பகல் அடித்ததும் பழையவரின் அட்டை செத்துவிடும், புதியவரின் அட்டை உயிர்பெறும். 2021-இல் டிரம்ப் காலையிலேயே ஃபுளோரிடா போய்விட்டதால் ஒரு பை அவரோடு போனது, இன்னொன்று பைடனுக்காக வாஷிங்டனில் காத்திருந்தது.

எனக்கு இதில் சுவையாகப் பட்டது வேறு. முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவராக இருந்த ஹ்யூ ஷெல்டன், கிளிண்டன் காலத்தின் கடைசிப் பகுதியில் அந்த அட்டை பல மாதம் காணாமல் போயிருந்தது என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்த மாதங்களில் நாமெல்லாம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தோம்.

கேள்வி (வாசகர், சிகாகோ): உண்மை தெரிந்தும் அரசாங்கம் மக்களைப் பயத்திலேயே விட்டுவைக்குமா? அப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1960, அதிபர் ஐசனோவரின் கடைசி ஆண்டு. ரஷ்யர்களிடம் நம்மைவிட ஏவுகணைகள் அதிகம், நாம் பின்தங்கிவிட்டோம் என்று நாடே நடுங்கியது. இங்கே அதற்கு 'ஏவுகணை இடைவெளி' என்று பெயர். தேர்தலில் நின்ற கென்னடி மேடைதோறும் அதைப் பேசினார். ஐசனோவருக்கு அது உண்மையில்லை என்று நன்றாகவே தெரியும். யு-2 வேவு விமானங்கள் நாலு வருடமாக சோவியத் வானத்தில் பறந்து படம் எடுத்துக்கொண்டிருந்தன. ஆனால் எப்படித் தெரியும் என்று சொன்னால் வேவு பார்ப்பது வெளிப்பட்டுவிடுமே. வாயை மூடிக்கொண்டார்.

1960 மே 1 அன்று அதில் ஒரு விமானத்தை ரஷ்யர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். வானிலை ஆராய்ச்சி விமானம் வழிதவறிவிட்டது என்று அமெரிக்கா அளந்தது. சோவியத் தலைவர் குருஷேவ் சில நாள் பேசவிட்டு வேடிக்கை பார்த்துவிட்டு, விமானி பிரான்சிஸ் கேரி பவர்ஸ் உயிரோடு எங்கள் கையில் இருக்கிறார் என்றார். அதற்குமேல் ஐசனோவர் எதைச் சொன்னாலும் எடுபடுமா? பாரிஸில் நடக்கவிருந்த உச்சி மாநாடு உடைந்தது. கென்னடி ஜெயித்தார். 1961 பிப்ரவரியில் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா, இடைவெளி என்று ஒன்று இல்லை என்று நிருபர்களிடம் உளறிவிட்டார். இருந்தால் அது அமெரிக்காவுக்குச் சாதகமான இடைவெளி. அதற்குள் தேர்தல் முடிந்துவிட்டது.

பொய்யும் மௌனமும் சேர்ந்தால் இப்படித்தான். டிசம்பர் ட்ரோன் விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே சந்தேகமும் இந்தக் கதையிலிருந்து வருவதுதான். இராணுவத் தளத்துக்கு மேலே எது பறந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க அவர்களுக்கு வேறு காரணம் இருக்கலாம். அது ஆபத்தாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கேள்வி (வாசகி, எடிசன்): சீனாக்காரர்கள் போன் கம்பெனிகளுக்குள் புகுந்துவிட்டார்கள் என்று படித்தேன். இதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே அண்ணா? நீங்கள் அந்தத் துறைக்காரர்தானே?

இந்த ஒரு கடிதத்துக்காகவே மற்ற கடிதங்களை எல்லாம் மன்னித்தேன். இந்தக் கடைசி ஆண்டில் நிஜமாகவே பயப்பட வேண்டிய விஷயம் இதுதான். யாரும் பைனாகுலரை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பார்க்க முடியாதது.

கொஞ்சம் பழைய கதை. என் சிறுவயதில் இல்லை, வேலைக்கு வந்த புதிதில், ஒரு போனை ஒட்டுக்கேட்பது என்றால் கம்பியில் கிளிப் மாட்டுவது. எக்ஸ்சேஞ்சில் எந்த ஜோடிக் கம்பி யாருடையது என்று தெரிந்தால் போதும். டிஜிட்டல் சுவிட்ச் வந்ததும் அந்த வேலை நடக்கவில்லை. போலீஸும் எஃப்.பி.ஐ.யும் கவலைப்பட்டன. 1994-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. நீதிமன்ற உத்தரவு வந்தால் குறிப்பிட்ட எண்ணை ஒட்டுக்கேட்பதற்கான வழியை ஒவ்வொரு தொலைபேசி நிறுவனமும் தன் வலையமைப்புக்குள்ளேயே செய்துவைக்க வேண்டும். அந்த வழியைப் போட்டவர்களில் நானும் ஒருவன். இரண்டு வருடம் கூட்டம், வரைபடம், சோதனை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், "போலீஸுக்காகக் கொல்லைக் கதவு வைக்கிறோம். வருகிறவன் போலீஸ்தான் என்று கதவுக்கு எப்படித் தெரியும்?" என்றார். சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம்.

முப்பது வருடம் கழித்து 'சால்ட் டைஃபூன்' என்று பெயர் வைக்கப்பட்ட சீனக் கும்பல் அந்தக் கொல்லைப்புறத்துக்கே வந்துவிட்டது. நீதிமன்ற உத்தரவின்படி அரசு கேட்ட தகவல்களில் சிலவற்றை அவர்கள் நகலெடுத்துவிட்டார்கள் என்று எஃப்.பி.ஐ.யே நவம்பரில் ஒப்புக்கொண்டது. அப்படியானால் அமெரிக்கா எந்தச் சீன உளவாளியைக் கவனிக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். யார் யாருக்கு எப்போது பேசினார்கள் என்ற பதிவுகளையும் அள்ளியிருக்கிறார்கள், முக்கியமாக வாஷிங்டன் பக்கத்து ஆட்களுடையது. டிரம்ப், அவருடைய துணை அதிபராக வரப்போகிற வான்ஸ் இருவரின் போன்களையும் குறிவைத்ததாகச் செய்தி. மாட்டிய நிறுவனங்கள் எட்டு என்று டிசம்பர் தொடக்கத்தில் சொன்னார்கள், 27-ஆம் தேதி ஒன்பது ஆகிவிட்டது. இன்னும் அவர்களை முழுதாக வெளியே தள்ளியபாடில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் அதிகாரிகள் சொன்ன அறிவுரை, மறையாக்கம் (என்கிரிப்ஷன், நடுவில் யாரும் படிக்க முடியாதபடி சங்கேதமாக்குவது) உள்ள செயலிகளில் பேசுங்கள், செய்தி அனுப்புங்கள் என்பது. எனக்குச் சிரிப்பு வந்தது. 2016-இல், ஒபாமாவின் கடைசி ஆண்டில், சான் பெர்னார்டினோ கொலையாளியின் ஐபோனைத் திறந்து தரச் சொல்லி இதே எஃப்.பி.ஐ. ஆப்பிள் நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தது. அன்றைக்கு மறையாக்கம் எதிரி, இன்றைக்கு மருந்து.

நீங்கள் செய்ய வேண்டியது? வங்கிக்குக் குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைச் சொல்லை (ஓ.டி.பி.) நம்பியிருந்தால் அதை மாற்றி அங்கீகாரச் செயலி (ஆத்தென்டிகேட்டர்) வைத்துக்கொள்ளுங்கள். போன் மென்பொருளை உடனுக்குடன் புதுப்பியுங்கள். ரகசியத்தைச் சாதாரணக் குறுஞ்செய்தியில் எழுதாதீர்கள். ட்ரோனைப் பார்த்து ஜன்னலைச் சாத்துகிறவர்கள் இதைச் செய்யச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள்.

கேள்வி (வாசகி, சான் ஹோஸே): என் மாமனாருக்கு 78 வயது, இரண்டு டிவி, ஒரு ஐபாட், எல்லாவற்றிலும் செய்திதான். வாஷிங்டனில் படிக்கும் என் பையன் ஜனவரி 20 விழாவைப் பார்க்கப் போகிறான். போகவே கூடாது, ஆட்சி மாறும் நாளில் என்னவும் நடக்கும் என்று தினமும் போனில் சண்டை. யார் பக்கம் நியாயம்?

மாமனாரின் பயம் அர்த்தமில்லாதது இல்லை, அம்மா. கை மாறும் இடம்தான் எதிலும் பலவீனம். 2000-இல் ஃபுளோரிடா வாக்குத் தகராறு 36 நாள் இழுத்ததில் வழக்கமான மாற்றக் காலம் பாதியாகிவிட்டது, புதிய அரசு முக்கியப் பதவிகளுக்கு ஆள் போடத் தாமதமானது என்று செப்டம்பர் 11 விசாரணைக் குழு எழுதியது. 2020-இல் ஆட்சி மாற்றத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டிய அலுவலகம் நவம்பர் 23 வரை கையெழுத்துப் போடவில்லை. இந்த முறை டிரம்ப் தரப்பு வெள்ளை மாளிகையோடு ஒப்பந்தம் போட்டது நவம்பர் 26, நீதித் துறையோடு டிசம்பர் 3. அதாவது தேர்தல் முடிந்து நாலு வாரம் வரை, வரப்போகிறவர்களின் பின்னணியை எஃப்.பி.ஐ. சரிபார்க்க ஏற்பாடே ஆகவில்லை. டிவியில் வந்து கத்த வேண்டியவர்கள் இதற்குக் கத்தியிருக்க வேண்டும்.

நல்லபடி நடந்ததும் உண்டு. 2009-இல் ஒபாமா பதவியேற்கும் நாளில் சோமாலியாவிலிருந்து அல்-ஷபாப் பயங்கரவாதக் கும்பலின் ஆட்கள் தாக்க வருகிறார்கள் என்று தகவல். புஷ்ஷின் ஆட்களும் ஒபாமாவின் ஆட்களும் அன்று காலை வெள்ளை மாளிகையில் ஒரே மேசையில் உட்கார்ந்து என்ன செய்வது என்று பேசினார்கள். தகவல் கடைசியில் பொய்.

இதெல்லாம் பின்னால்தான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நானும் மனைவியும் அங்கே இருந்தோம். ஒரு நண்பர் வாங்கிக் கொடுத்த ஊதா நிற டிக்கெட்டை மடித்து, கோட்டின் உள்பையில் பத்திரமாக வைத்திருந்தேன். குண்டு வெடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று வரைபடத்தில் குறித்தும் வைத்திருந்தேன், என் புத்தி அப்படி. ஆனால் ஊதா டிக்கெட்காரர்களையெல்லாம் மூன்றாம் தெருச் சுரங்கச் சாலைக்குள் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் நின்றோம். விடிவதற்கு முன் போனவர்கள், நண்பகல் வரை சுரங்கத்துக்குள்ளேயே. வழி சொல்ல ஒரு ஆள் இல்லை. நீர் உறைகிற குளிர். முன்னால் நின்ற கிழவி ஒருத்தி மடக்கு நாற்காலியை என் மனைவிக்குக் கொடுத்தாள். உலகமே பார்த்த பதவியேற்பை நாங்கள் மட்டும் பார்க்கவில்லை. யாரோ ஒருவரின் சின்ன ரேடியோவில் கேட்டோம்.

பையன் போகட்டும். இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், சாப்பிட ஏதாவது பையில் இருக்கட்டும், சுரங்கத்துக்குள் மட்டும் வரிசையில் நிற்க வேண்டாம். மாமனாருக்கு அந்த இரண்டாவது டிவியை அணைத்துவிட்டு என் மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். எனக்கும் பகலில் பேச ஆள் வேண்டும்.